மேசை லாச்சியில் கிடந்த விண்ணப்பம்

கல்முனையில் நான் அதிபராயிருந்த பாடசாலைக்கு ஒரு சங்கீத ஆசிரியை பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த உருவம். எங்கே நின்றாலும் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஆளில்லாததால் கணக்கும் அவரே படிப்பித்தார்.

பல்கலைக்கழகத்தில் சங்கீதக் கல்வியில் முதுமாணிப் பட்டம் படிக்க, நான் ஒப்பமிட்டு அனுப்புவதற்காக விண்ணப்பம் தந்தார். அவர் போனால் கணக்குக்கு யார் என்று அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

"அனுப்பிட்டீங்களா, சேர்?"

"ஓம் டீச்சர், அண்டைக்கே அனுப்பிட்டன்."

பல மாதங்களுக்குப் பிறகு வந்து சிரித்தார். "பதிலே வரல்ல சேர். என்ட சங்கீதம் அவங்களுக்குக் காணாதாக்கும்."

அப்போதும் அவர் விரல்கள் என் மேசையில் தாளம் போட்டன. அதன் கீழே லாச்சிக்குள் விண்ணப்பம் கிடந்தது.

அவர் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. அவருடைய சங்கீதத்தில் குறையில்லை என்று நான் இன்றுவரை அவரிடம் சொல்லவும் இல்லை.