டிபன் டப்பா கால்குலேட்டர்

அக்கா வீட்டு அலமாரியில் என் பழைய டிபன் டப்பா ஒன்று இன்றும் இருக்கிறது. மூடியைத் துளைத்துப் பட்டன்கள் பதித்திருக்கும்.

அப்போது அப்பாவுக்குத் தாராவியில், பங்கார் என்று அங்கே சொல்லும் வீணாய்ப்போன மின்சாதனங்களை உடைத்துப் பிரிக்கும் பட்டறை இருந்தது. ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்த அக்கா, அந்தக் குவியலிலிருந்து பழங்காலத்துக் கால்குலேட்டர் சிப்புகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வாள். சமையல் முடிந்ததும் உட்கார்ந்து, சிப்பின் எந்தக் கால் எதற்கு என்று தொட்டுத் தொட்டுத் தேடுவாள். மழைக்காலம் முழுக்க அதே வேலை. தீபாவளிக்குள் என் டப்பாவில் சைன், காஸ் எல்லாம் போடும் கால்குலேட்டர் தயாராகிவிட்டது. எண்கள் சிவப்பாக எரியும்.

ஒரே குறை, அதன் நிதானம். சைனை அமுக்கினால் எண்கள் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் இருட்டு, பிறகுதான் விடை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. மறுபடி அமுக்குவோம், கணக்கு குழம்பும்.

"ஏட்டி, பொறு. அது யோசிக்குதுல்லா?" என்பாள் அக்கா.

அந்தச் சமயத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் செம்பூரில் லேத் பட்டறை வேலை. பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன் என்று அக்கா முந்தின நாளே சொல்லியிருந்ததால் அம்மா பயந்துபோயிருந்தாள். "ஒயரும் கையுமா திரியுத பிள்ளைய எவன் கெட்டுவான்?" என்று டப்பாவையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

மாப்பிள்ளை காப்பியைக் குடித்துவிட்டு, "ஐடிஐ படிச்சியளாமே, என்னமும் செஞ்சிருக்கியளா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன்.

அவர் முப்பது போட்டு சைனை அமுக்கினார். எண்கள் அணைந்தன.

"வந்த எடத்துல கெடுத்துட்டியால?" என்றார் அவருடைய அம்மா.

அப்பா பதறிக் கையை நீட்டினார். "பங்கார் சாமான்ல செஞ்சது தம்பி. இங்க குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, டப்பாவை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கட்டும் மாமா, வரும்."

அதற்குள் மாமாவா என்று அடுக்களையில் சிரிப்பு எழுந்தது. பாயிண்ட் ஐந்து வந்தது.

அவர்கள் போனதும், "பையனைப் பிடிச்சிருக்கா, இல்லையா? வாயத் திறந்து சொல்லு" என்றாள் அம்மா.

"ரெண்டாந்தடவ அமுக்கலம்மா" என்றாள் அக்கா.

அம்மா விழித்தாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் இவள் கால்குலேட்டரைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.