அண்ணன் பார்க்காத நிழல்

போன கிழமை மன்னார்ப் பாலத்தடியில் நிற்கும்போது மகள் கைபேசியை நீட்டிப் பிடித்து, "அம்மா, இதைப் பாருங்கோ" என்றாள். பார்த்தேன். படத்தில் எடுக்கிறவளும் உள்ளே, நானும் உள்ளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றில் மண் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்களுக்கு அந்தப் பழைய பெட்டிக் கமரா தெரியுமோ என்னவோ. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண் இருக்கும். மேற்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் எடுப்பதற்கு. நெஞ்சோடு பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். என் அண்ணன் றெஜி பட்டினத்து ஸ்ரூடியோ ஒன்றில் வேலை செய்தவர். முதலாளியின் கமராவைச் சில ஞாயிறுகளில் பேசாலை வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தத் தோலுறையைத் திறந்தால் ஒரு வாசம் வரும் பாருங்கள், எங்கள் வீட்டில் கருவாட்டு வாசத்தைத் தோற்கடித்த ஒரே சாமான் அதுதான்.

ஒருநாள் எனக்கும் பார்க்கத் தந்தார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். கிணற்றடிக்குப் போன அம்மா கண்ணாடிக்குள் அடுப்படிப் பக்கம் போனா. நான் அவவுக்குப் பின்னால் கமராவைத் திருப்பத் திருப்ப அவ ஓடி மறைந்தா. "எதிர்ப்பக்கம் திருப்படி, விசரி" என்று அண்ணா சிரித்தார்.

கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் பின்னேரம், வீட்டுக்குப் பின்னால் வெள்ளை மணலில் எங்களை நிறுத்தினார். அப்பா, அம்மா, அக்கா, தலையில் பூமுடியோடு நான். வெயில் அண்ணாவின் முதுகில். படமெடுக்கும்போது கண்ணை மூடுவதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம், அன்றும் மூடினேன். ஆனால் படம் கழுவி வந்தபோது அண்ணாவின் முகம் கறுத்தது அதற்காக அல்ல. படத்தின் அடியில், மணலில், அவருடைய குனிந்த தலையின் நிழல் விழுந்திருந்தது. கிட்ட நின்று எடுத்தால், மேற்கண் காட்டாத கொஞ்சத்தையும் கீழ்க்கண் அடியில் சேர்த்துப் பிடித்துவிடும். அதை அவர் மறந்துபோனார்.

"தாங்கோ அம்மா, கிழிச்செறிவம். வேறை எடுத்துத் தாறன்."

"கொப்பர் சிரிச்சிருக்கிறார். இது கிடக்கட்டும்" என்றா அம்மா.

அப்பா சிரித்த படம் வேறு இல்லைத்தான். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவுமில்லை.

பிறகு சண்டைக் காலம். நானாட்டானில் ஒரு கலியாணவீட்டுக்குப் படமெடுக்கப் போன அண்ணாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். கழுத்தில் கமராவோடு இறங்கினாராம். அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்தது இன்றைக்கும் அவ்வளவுதான்.

தேடிப்போன இடமெல்லாம் படம் கேட்டார்கள். அலுமாரியைக் கொட்டிப் பார்த்தோம். நாங்கள் எல்லோரும் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆடுகூட இருந்தது. அண்ணா இல்லை. அடையாள அட்டை அவரோடு போய்விட்டது, பள்ளிக்கூடப் படங்கள் இடம்பெயர்ந்த நேரம் பெட்டியோடு தொலைந்தன. கடைசியில் அம்மா என் புதுநன்மைப் படத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டா.

காணாமற்போனவர்களைப் பதிகிற கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில மகன் எது அம்மா?"

அம்மா அடியில் விரலை வைத்தா.

"இது நிழல் அம்மா. ஆளின்ரை படம் கொண்டு வாங்கோ."

"எல்லாரையும் எடுத்தவன் அவன்தான், தம்பி. அவனை ஆர் எடுக்கிறது?"

அவர் கெட்டவர் அல்ல. கதிரையை இழுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் தந்தார். படத்தையும் திருப்பித் தந்துவிட்டார். அதன்பிறகு எத்தனையோ கந்தோர், எத்தனையோ விசாரணை. எல்லா இடத்திலும் அம்மா அதே இடத்தில் அதே விரலை வைத்தா. வைத்து வைத்தே ஒருநாள் அவவும் போய்ச் சேர்ந்தா. எனக்கு இன்னும் ஆறவில்லை. கும்பிடுகிற கடவுளோடும் கோபம்தான்.

ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். அன்று பாலத்தடியிலிருந்து வந்ததும் அந்தப் படத்தை எடுத்து மகளிடம் கொடுத்தேன்.

"இதில மாமா எங்கை அம்மா?"

காட்டத்தான் குனிந்தேன். அம்மாவின் விரல் பட்டுப் பட்டு அடிப்பக்கம் முழுக்கத் தேய்ந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. அப்பா மட்டும் இன்னும் அண்ணா நின்ற பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.