மாமனார் வைத்த ஸ்லோ

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் ஒரு நூறு சிசி பைக் இருந்தது. என்னிடம் இருந்தது என்று சொல்வதே பாதிப் பொய். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த வண்டி அது. ஓட்டியவன் நான், அதன் காதைத் திருகும் உரிமை மட்டும் அவரிடமே இருந்தது.

காது என்று நான் சொல்வது கார்புரேட்டரில் இருக்கும் சின்னத் திருகாணியை. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அணையாமல் ஓட வேண்டுமே, அந்த வேகத்தை அதில்தான் வைப்பார்கள். ‘ஸ்லோ வைப்பது’ என்பார்கள் மெக்கானிக்குகள். கொஞ்சம் கூட்டினால் வண்டி நின்ற இடத்தில் கத்தும். கொஞ்சம் குறைத்தால் சிக்னலில் செத்துப்போகும்.

மாமனாருக்குச் செட்டிபாளையம் பக்கம் தோட்டம். கரண்ட் வருவதற்கு முன்னால் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். எஞ்சின் என்றால் அவருக்கு அந்தச் சத்தம்தான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெற்றிலையை மடித்து வாயில் போட நேரம் இருக்க வேண்டும். என் வண்டி ஓடுவதைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். இப்படிக் கத்தினால் பெட்ரோல் நிற்குமா என்பார். தோட்டத்துக்குப் போய்த் தங்கினால், காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஸ்லோவையும் குறைத்து வைத்திருப்பார். பக்கத்திலிருக்கும், பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் திருகாணியையும் விடமாட்டார்.

வேண்டாமுங்க மாமா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் பக்கம், பெண் வீட்டார் கொடுத்த பொருளைப் பற்றி மாப்பிள்ளை வாயைத் திறந்தால் அது பொருளோடு நிற்காது. வண்டியில் குறை என்றால் சீரில் குறை, சீரில் குறை என்றால் கொடுத்தவரிடம் குறை. அதனால் நன்றாக ஓடுகிறது என்று சிரித்துவிட்டு, போத்தனூர் தாண்டியதும் ஓரங்கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பக் கூட்டிக்கொள்வேன். இரண்டு வருஷம் இதே கூத்து. கூட்டுவது நான் என்று அவருக்குத் தெரியாது. ரோட்டுக் குலுக்கலில் திருகாணி தானாகக் கழன்றுகொள்கிறது என்று நம்பியிருந்தார்.

அந்த வருஷம் என் மனைவி அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயது வரம்பு அதோடு முடிகிறது; இதை விட்டால் அடுத்தது கிடையாது. டவுனில் எங்கள் வீட்டில் இருந்தால் சமையலுக்கும் துணிக்குமே பொழுது போய்விடும் என்று ஒரு மாதம் அப்பா வீட்டில் உட்கார்ந்து படித்தாள். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அவளைக் கூட்டிப்போக நான் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டேன்.

போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால், மாமனார் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். ஸ்லோவைக் குறைத்தாயிற்று. கையில் சின்ன பிரஷ். கிணற்று மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டியபோது மிஞ்சிய வார்னிஷை இரண்டு திருகாணிகளின் தலையிலும் வழிய வழியப் பூசிக்கொண்டிருந்தார்.

“அம்மணி பரீட்சைக்குப் போகுது. நடுவழியில கழண்டுதுன்னா என்னங்க பண்றது? இனி அசையாதுங்க மாப்பிள்ளை” என்றார்.

இனி போத்தனூர் தாண்டியும் கூட்ட முடியாது என்று தெரிந்தது. அப்போதும் என் வாயிலிருந்து வந்தது, “நல்லதுங்க மாமா” என்பதுதான்.

காலையில் வண்டி கிளம்பியது. கையை விட்டால் அணைந்தது. போத்தனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி. நெரிசலில் ஒரு நொடி கையைத் தளர்த்தினேன், போயிற்று. உதைத்தேன். சோக்கைப் போட்டு உதைத்தேன், பிளக் நனைந்தது. திருப்புளியை எடுத்தால் திருகாணியின் பள்ளமே தெரியவில்லை, வார்னிஷ் கல்லாக இறுகியிருந்தது. பக்கத்தில் டவுன் பஸ் நின்றது. அதில் போய்விடவா என்று அவள் கேட்டாள். இதோ கிளம்பிவிடும், இரு என்று எரிந்து விழுந்தேன். கேட் திறந்தது, பஸ் போனது, நான் உதைத்துக்கொண்டே இருந்தேன்.

தள்ளிக் கிளப்பி உக்கடம் வந்தால் அங்கே மறுபடியும் அணைந்தது. ஒரு மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன். அவர் கத்தியால் வார்னிஷைச் சுரண்டி, இரண்டு திருகையும் சரிபார்த்து வைத்தார். எந்தப் புத்திசாலி இதைப் பூசினான் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போனபோது பத்தே முக்கால். அவள் வாட்ச்மேனிடம் ஹால் டிக்கெட்டைக் காட்டிக் கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பிறகு திரும்பி வந்தாள்.

“நேத்து எங்கப்பா பூசறப்ப நீங்க பக்கத்துலதானுங்க நின்னுட்டிருந்தீங்க?”

“உங்கப்பாகிட்ட எப்படிக் கண்ணு வேண்டாமுன்னு சொல்றது?”

“சொல்லியிருந்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாருங்க. எனக்கு இனிப் பரீட்சையே இல்லீங்க.”

மாமனார்மேல் இருந்த எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பியது. வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை, சமைத்தாள். அது இன்னும் மோசம்.

ரிசல்ட் வந்த வாரம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேப்பரில் நம்பர் இல்லை என்று யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பரீட்சை எழுதவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தவர், அன்றைக்கு வண்டி எங்கேயாவது மக்கர் பண்ணியதா என்று என்னைக் கேட்டார். அன்றாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் ரசத்தை ஊற்றியபடி சொன்னாள்.

“வண்டி நல்லாத்தான் போச்சுங்கப்பா. எனக்குத்தான் படிப்பு ஏறலை.”