உறையக் கூடாத குப்பி

குற்றாலத்தில் சீசன் வந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், இலஞ்சி சுகந்திக்கு மட்டும் தலைவலி. சாரல் விழுந்துவிட்டால் தென்காசி ரோட்டில் வண்டி நகராது, கூரியர் நேரத்துக்கு வராது. அவள் காத்திருந்தது சுண்டுவிரல் நுனியளவுக் குப்பியில் வரும் ஆன்டிபாடி என்ற சோதனை மருந்துக்கு.

செல்லின் மேல்சவ்வில் ஏற்பி என்றொரு புரதம் உட்கார்ந்திருக்கும். ஆன்டிபாடி தேடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டால் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடு விழும்; ஏற்பி இல்லையென்றால் விழாது. அந்தக் கோட்டைத்தான் சுகந்தி கல்யாணத்துக்கு முன்னாலிருந்து துரத்துகிறாள். பகலில் கல்லூரியில் தற்காலிக வேலை, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. மகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், அம்மா படிப்பு முடிந்தபாடில்லை. இன்னுமா படிக்கிறாள் என்று கேட்காத சொந்தக்காரர் கடையம்வரைக்கும் கிடையாது. வழிகாட்டிப் பேராசிரியர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புது வழிகாட்டி, மறுபடி முதலிலிருந்து.

கூரியர் பீர் மைதீன் தங்கமான மனிதர். சனிக்கிழமை வந்த பெட்டியை நெரிசலில் கொண்டுவர முடியாமல், திங்கள் காலை நனைந்துகொண்டே கல்லூரிக்குக் கொண்டுவந்தார்.

"குளுந்த எடத்துல வைக்கணும்னு போட்டிருந்துச்சுல்லா டீச்சர். உருகிரக் கூடாதுன்னு மச்சான் மீன்கடை ஐஸ்பெட்டியில அடியில வச்சிருந்தேன். கல்லு மாதிரி இருக்கும், பாருங்க" என்றார், பெருமையாக.

சுகந்தி குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள், உள்ளே அசைவே இல்லை. இந்த ஆன்டிபாடி குளிரில் இருக்கலாம், உறையக் கூடாது. உறைந்தால் பெரும்பாலும் செத்தது. அவரை டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

பிழைத்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சோதனையைப் போட்டாள். அவளுடைய செல்களில் கோடு விழவில்லை. ஒத்துப்பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்த, ஏற்பி கட்டாயம் இருக்கிற செல்களிலும் விழவில்லை. மருந்து செத்துப்போனது உறுதி; அவளுடைய செல்களில் ஏற்பி உண்டா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

பேராசிரியரும் களைத்துப்போனவர்தான். போனில் நிதானமாகச் சொன்னார்: "படத்துல அந்த ஒத்துப்பாக்க வச்ச செல்லு இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிருங்கம்மா. ஏற்பி இல்லைன்னு எழுதிக் கொடுத்திருங்க. யாரு பாக்கப் போறா?"

உண்மைதான், யாரும் பார்க்கப் போவதில்லை. கணினியில் வெட்டிப் பார்த்தாள். படம் சுத்தமாக, முடித்துக்கொடுக்கத் தயாராக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று சொல்வது போலத்தான் இது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள். நல்லது செய்தோம் என்ற சந்தோஷமெல்லாம் வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. புதுக் குப்பி கேட்டு எழுதிப் போட்டாள்; அது வருவதற்குள் பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார்.

வெளியே வந்தால் வாசலில் பீர் மைதீன், யாருடைய பார்சலோடோ நின்றார். அன்றைக்குக் கொண்டுவந்தது நன்றாக வேலை செய்ததா என்று விசாரித்தார்.

"செஞ்சுது அண்ணாச்சி" என்றாள். ஆய்வேட்டில் எழுத முடியாத பொய் இங்கே சுலபமாக வந்தது. "அடுத்த மாசம் இன்னொண்ணு வருது. உருகுனாலும் பரவாயில்ல, ஐஸ்பெட்டியில வைக்காம நேரா எங்கிட்டயே கொண்டாந்திருங்க."

"அடுத்த மாசமுமா? இன்னும் முடியலையா டீச்சர்?"

"முடியல அண்ணாச்சி" என்றாள் சுகந்தி.