சிரில் வயித்த எரிச்ச சதுரப் புல்லு

எங்க ஹாஸ்லோ ஊர்ல சிரில் பிக்கர்டைக் மாதிரி ஒரு பொறாமக்காரனப் பாக்க முடியாது. பக்கத்துல ஒருத்தன் தும்மினாக்கூட "என் தும்மல் இதவிடப் பெருசு"ம்பான். ஆனா அம்பது வருஷமா அவன் வயித்த எரிச்சது ஒரே ஒரு சதுரப் புல்லுதான்.

எழுபத்திரெண்டு ஜனவரி. எஃப்.ஏ. கப் கால்பந்துப் போட்டி, மூணாவது சுத்து. லண்டன்லருந்து பெரிய டீம் ஒண்ணு எங்க சேத்து மைதானத்துக்கு வந்து மாட்டிக்கிச்சு. ஆளுக்கு ஒரு கோல்ல நிக்குது ஆட்டம். கடைசி நிமிஷம், பெனால்டி புள்ளிலருந்து எங்காளு அடிச்சான் பாருங்க! அவன் வாரம் பூரா கசாப்புக் கட வச்சிருக்கிறவன். பந்து வலையக் கிழிச்சிக்கிட்டு ஸ்காட்லாந்துக்கே போயிருக்கும்.

ஊரே மைதானத்துல குதிச்சிருச்சு. சிரிலோட பக்கத்து வீட்டு வில்ஃப் ஹாலிஸ் அந்தப் புள்ளியச் சுத்தி இருந்த புல்ல சதுரமா பேத்து, தொப்பியில வச்சு எடுத்தாந்து தன் வீட்டுப் பின்கட்டுல நட்டுட்டான்.

சிரில் எங்க? பஸ்ல கூட்டமாயிடும்னு எப்பவும்போல அஞ்சு நிமிஷம் முன்னாடியே கெளம்பிட்டான்! அந்தப் பதினாலாம் நம்பர் பஸ்ஸ ஓட்டினதே நாந்தான். மைதானத்துலருந்து வந்த சத்தத்துல பஸ்ஸு ரெண்டடி எகிறிச்சு. சிரில் மூஞ்சி வெந்த முட்டகோஸ் மாதிரி ஆயிருச்சு.

"டென்னி, வெளிய சொல்லிராதடா. அந்த கோல நான் பாத்தேன், சரியா?"

"பாத்த, பாத்த. முதுகால பாத்த."

பதினோராயிரம் பேர் நிக்கிற மைதானம் அது. இன்னிக்கு நாப்பதாயிரம் பேரு "நான் பாத்தேன்"கிறான். அதுல சிரிலும் ஒருத்தன்.

ஆனா வில்ஃபுகிட்ட சாட்சி இருக்கே! ஞாயித்துக்கிழமையானா அந்தப் புல்லப் பாக்க ஆள் வரும். ஒரு கல்யாணப் பொண்ணு சர்ச்லருந்து நேரா வந்து அதுமேல நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு. சிரில் மாடி ஜன்னல்ல நின்னு பல்லக் கடிப்பான்.

"மாரீன், இங்க வந்து பாரு. பச்சப் புள்ளைய குளிப்பாட்டுற மாதிரி தண்ணி ஊத்துறான்!"

"பேசாம நீ அந்தப் புல்லையே கட்டிக்கிட்டிருக்கலாம்யா," அப்படிம்பா பொண்டாட்டி.

இப்ப அம்பதாவது வருஷம். கிளப்புல ஒரு ஏற்பாடு. சனிக்கிழம ஆட்டத்துக்கு முன்னாடி வில்ஃபோட புல்ல மறுபடி பெனால்டி புள்ளியில வைக்கணும், வில்ஃபு நடுவுல நின்னு கையாட்டணும். சிரிலுக்கு மூணு நாளா சோறு எறங்கல. வெள்ளிக்கிழம மத்தியானம் கெட்டில் நெறைய கொதிதண்ணியோட சுவரேறிக் குதிச்சிட்டான், எம்பது வயசுல! புல்லக் கருக்கிடணும்னுதான்.

கெட்டில சாய்க்கும்போது பின்னாடி வில்ஃபு குரல்.

"ஊத்துடா, ஊத்து. உன் புல்லுதான அது."

"என்னடா சொல்ற?"

"எழுபத்தாறாம் வருஷ வறட்சியில என்னோடது செத்துப்போச்சு. ஊரே காஞ்சு கெடந்துச்சு, நீ மட்டும் குளிச்ச தண்ணிய ஊத்தி ஊத்தி உன் வீட்டுப் புல்தரையப் பச்சையா வச்சிருந்த. நீங்க லீவுக்கு பிளாக்பூல் போன வாரம் அதுல ஒரு சதுரம் வெட்டியாந்துட்டேன்."

"அடப்பாவி! நான் மாரீனோட அக்கா வீட்டு நாயத் திட்டினேனேடா, அதுதான் தோண்டிருச்சுன்னு!"

"சதுரமாவாடா? நாய் என்ன ஸ்கேலு வச்சா தோண்டும்?"

சிரில் துள்ளினான். "நாளைக்கு ஊர் முன்னாடி சொல்றேன் பாரு!"

"சொல்லேன். கோல் விழுந்தப்ப நீ எங்க நின்னேன்னு நானும் சொல்றேன். உன் இடம் காலியா கெடந்தத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

சிரில் கெட்டில கீழ வச்சிட்டான். அப்புறம் ரெண்டு பேரும் அதே தண்ணியில டீ போட்டுக் குடிச்சாங்க.

சனிக்கிழம புல்லு எறங்குச்சு. பெரிய பெரிய ஆம்பளைங்க மண்டி போட்டு அதுக்கு முத்தம் குடுக்குறாங்க. வில்ஃபு ராஜா மாதிரி கையாட்டுறான். சிரில் ஏங்கிட்ட வந்து காதக் கடிச்சான். முட்டகோஸ் மூஞ்சி திரும்ப வந்தாச்சு.

"அது என் புல்லுடா டென்னி. என் குளிச்ச தண்ணியக் குடிச்சு வளந்துச்சுடா. கைதட்டு மட்டும் அவனுக்கு!"

அன்னிக்குத்தான் மொத தடவயா ஆட்டம் முடியிற வரைக்கும் இருந்தான். அதுவும், அவன் புல்ல எவனும் மிதிச்சிரக் கூடாதுன்னு.