விலா எலும்புக்குக் கீழே மூன்று விரல்

என் இடுப்பில் கிடந்த அளவுக்கு நீளமான ஒரு வெள்ளி அரைஞாண் கொடி அந்த நாளில் காஞ்சிபுரத்தில் வேறு யாரிடமாவது இருந்திருந்தால் ஆச்சரியம்தான். இதை நான் சொல்லவில்லை, கொடியைச் செய்த ஆசாரியே சொன்னார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் பட்டறையில் போய் நிற்பேன். என் இடுப்பைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வருசமும் வளையம் கோக்கணும் முதலாளி" என்பார். எனக்குக் காது குளிர்ந்துவிடும்.

குளிராதா பின்னே? திருமுக்கூடல் பக்கத்தில் கூழுக்கும் வழியில்லாத வீட்டில் பிறந்தவன் நான். படிப்பு அஞ்சாவதோடு சரி. டவுனுக்கு வந்து, தெலுங்கு பேசும் ஒரு நெசவாளி வீட்டில் அறுந்த இழையைப் பிணைக்கக் கற்று, தறியில் உட்கார்ந்து, பிறகு சொந்தத் தறி போட்டு, வெளியூர் வியாபாரிகள் என் வாசலில் சேலைக்குக் காத்துக் கிடக்கும்படி செய்தவன். ஒருத்தரும் கை தூக்கிவிடவில்லை. அந்தத் தொப்பை என் சொந்தச் சம்பாத்தியம். தெருவில் நடந்தால் எனக்கு ஒரு முழம் முன்னால் அது போகும்; ஆட்கள் வழி விடுவார்கள்.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் அதன் அருமை தெரியவில்லை. "நாலு படி ஏறினா நாய் மாதிரி இரைக்கிறீங்க. வலப்பக்கம் கனக்குது கனக்குதுன்னு பொலம்பிக்கினே இருக்கீங்க. வாங்க டாக்டராண்ட" என்று ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் அவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. என்னை மேசையில் படுக்கவைத்தார். இடது கை விரலை என் நெஞ்சில் அழுத்தி வைத்து, வலது கை விரலால் அதன்மேல் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். மேலே வெற்றுக் குடம் மாதிரி கேட்ட சத்தம் ஓர் இடத்தில் நெல் மூட்டையைத் தட்டினது மாதிரி மந்தமாகிவிட்டது. பிறகு வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, "மூச்ச இழுங்க" என்றார். இழுத்தேன். உள்ளேயிருந்து எதுவோ வந்து அவர் விரலை முட்டியது எனக்கே தெரிந்தது. பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"கல்லீரல் விலா எலும்புக்குக் கீழ மூணு விரல் எறங்கி இருக்குது. குடிப்பீங்களா?"

மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "டாக்டர், நான் சோடாவைக்கூட யோசிச்சுக் குடிக்கிறவன்."

"சரி சரி, படுங்க. கேக்கறது என் வேலை."

அவர் கேட்டது வேலை. கதவருகே மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் அதைக் காதில் வாங்கியதுதான் வினை. சாராயக்கடைகளை மறுபடி திறந்திருந்த புதிது அது. யார் யார் போகிறார்கள், யார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பதே ஊருக்குப் பேச்சு. பொழுது சாய்வதற்குள் டீக்கடைக்கு விஷயம் போய்விட்டது: பட்டு முதலாளிக்கு ஈரல் வீங்கிப்போச்சாம். டீக்கடையிலிருந்து மாகறல் பஸ் ஏறியும் போய்விட்டது.

மாகறலில்தான் என் பெண்ணுக்கு இடம் பேசியிருந்தோம். நல்ல பயிர்ச்செய்கை உள்ள குடும்பம். என் பெண்ணுக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. பெயரைச் சொன்னாலே சமையலறைக்குள் ஓடிவிடுவாள். பையனின் அப்பா மட்டும் ஒரு மாதிரி. குடிக்கிறவன் வீட்டுத் திண்ணையில்கூட உட்காரமாட்டார். மறுநாளே வந்து நின்றார். என் தொப்பைக்கு அண்ணன் என்று சொல்லலாம் அவர் தொப்பையை.

"பொண்ணு தங்கமான பொண்ணு. அதுல ஒரு பேச்சும் இல்ல" என்றார். "ஆனா ஈரல் வீங்கறது இன்னாத்துக்குன்னு எங்க ஊர் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்பா. தட்டு மாத்தறத நிறுத்தி வெச்சுக்கலாம்."

உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. என் பெண் கையிலிருந்துதான்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குடிக்கலேன்னு டாக்டர் வாயாலயே சொல்லவெக்கிறேன். நீங்க கூடவே இருந்து பாருங்க. என் வீட்லயே தங்குங்க" என்றேன். மனிதர் உண்மையிலேயே பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். "சந்தேகமே இல்லாம தெரியணும்னா மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். விலா வழியா ஒரு நீள ஊசிய விட்டு, ஈரல்ல துணுக்கு எடுத்துப் பாப்பாங்க" என்றார் டாக்டர்.

காஞ்சிபுரத்தில் என்னைப் பயந்தவன் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. ஆனால் ஈரலில் ஊசி என்றதும் எனக்கு வேட்டி நழுவுவது போல இருந்தது. "குத்தாம கிள்ளாம கண்டுபிடிக்க வழியே இல்லையா டாக்டர்?"

"வழி இருக்குது. பொறுமை வேணும். கைக்கு ஈரல் மெதுவா, வழவழன்னு இருக்குது. குடிச்சுக் குடிச்சு முத்திப்போனா கட்டி கட்டியா இருக்கும். எனக்கென்னமோ இது கொழுப்புன்னு தோணுது. மொதல்ல ரத்தம் பாக்கலாம். காலையில வெறும் வயித்தோட வரணும். தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாது."

மறுநாள் விடியற்காலையில் குளித்து, பட்டினியாகப் புறப்பட்டேன். சம்பந்தியாகப் போகிறவர் பெருமாளை ஒரு நடை சேவித்துவிட்டுப் போகலாம் என்றார். சேவித்து வெளியே வந்தால் கையில் இரண்டு தொன்னையோடு நிற்கிறார். கோயில் இட்லி. மூங்கில் குடலையில் வெந்து, மிளகும் சுக்கும் மணக்க, பிட்ட இடத்தில் நெய் மினுங்குகிறது.

"டாக்டர் வேணாம்னாரே" என்றேன்.

"சாப்பாடுதானே வேணாம்னாரு? இது பிரசாதம்பா. பெருமாள் பிரசாதத்த ஒதுக்கற வீட்ல நான் பொண்ணு எடுக்கமாட்டேன்."

அவர் சொன்னது எனக்கும் ஞாயமாகவே பட்டது. ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறவர்கள்கூடப் பிரசாதத்தை மறுக்கத் தயங்குவார்கள். அது வயிற்றில் சேராது என்றே நம்பினேன். ஒன்றைத் தின்றேன். தட்டிக்கழிக்க முடியாமல் அவர் நீட்டிய இன்னொன்றையும் தின்றேன். பெரிய விள்ளல்கள்.

டாக்டர் வந்துசேர மூன்று மணி நேரம் ஆனது. ரத்தம் எடுத்து, குழாயை நிறுத்தி வைத்தார்கள். மூவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு அடியில் இறங்க இறங்க, மேலே தெளிவாக நிற்கவேண்டியது கழுநீர் மாதிரி வெள்ளையாக நின்றது.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இன்னா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர். பிரசாதம்தான்."

"பிரசாதம்!" அவர் போட்ட சத்தத்தில் கம்பவுண்டர் கையிலிருந்த புட்டியை வைத்துவிட்டார். "நெய்க்குப் பிரசாதம், வீட்டுச் சாப்பாடுன்னு வித்தியாசம் தெரியுமாய்யா? யார் குடுத்தது?"

நான் மெதுவாகக் கையை நீட்டிக் காட்டினேன். டாக்டரின் பார்வை என் சம்பந்தியின் முகத்திலிருந்து இறங்கி அவர் வயிற்றில் வந்து நின்றது. "நீங்க படுங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே!"

"படுங்க."

டொக் டொக் டொக். வெற்றுக் குடம், வெற்றுக் குடம், நெல் மூட்டை. "மூச்ச இழுங்க." பேனாக் கோடு. நான் எட்டிப் பார்த்தேன். மூன்று விரலுக்குக் குறையவில்லை, கூடத்தான் இருந்தது.

"குடிப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"சீச்சீ! யாரப் பாத்து இன்னா கேக்கறீங்க!" என்று துள்ளி எழுந்தார் மனிதர்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "ஈரல் வீங்கறது இன்னாத்துக்குன்னு உங்க ஊர் மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியுமாமே, சம்பந்தி?"

அவர் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமாகிவிட்டார்.

ஆனால் டாக்டர் என்னையும் விடவில்லை. "சிரிக்காதீங்க. பிரசாதம் சாப்ட்டு வந்த ரத்தம் எதுக்கும் சாட்சியாகாது" என்றார். மறுநாள் உண்மையான பட்டினியில் எடுத்தார். அப்போதும் லேசான கலங்கல். "இப்ப நம்பறேன். கொழுப்பாத்தான் இருக்கணும். ரெண்டு பேரும் நெய், இனிப்பு, பொரிச்சது எல்லாத்தையும் விடுங்க. உடம்ப அசைச்சு வேலை செய்யுங்க. மூணு மாசத்துல இந்தக் கோடு போட்ட எடத்துலேந்து ஈரல் மேல ஏறிடிச்சுன்னா கொழுப்புதான், ஊசியே வேணாம். ஏறலேன்னா ரெண்டு பேருக்கும் மெட்ராஸ்."

ரெண்டு பேருக்கும் மெட்ராஸ் என்றதும் சம்பந்தி முகத்தைப் பார்க்கவேண்டுமே! வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "தட்டு மாத்தறது மூணு மாசம் கழிச்சு. எது வந்தாலும் சேந்தே வரட்டும்பா."

நான் ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் விட்டதில்லை. நேராகத் தறிக்குப் போனேன். குழியில் காலை விட்டு உட்கார்ந்தால், துணி சுருட்டும் மரத்துக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவே என் வயிறு மாட்டிக்கொண்டது. இரண்டு ஆட்கள் பிடித்து வெளியே இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருவனே, "முதலாளி, தறிய அகலம் பண்ணலாமா, உங்கள ஒடுக்கலாமா?" என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் நடந்திருப்பதே வேறு. அன்று சிரித்துவிட்டேன். அடுத்த மாதம் அதே குழியில் உட்கார்ந்து மிதித்தேன். அதற்கடுத்த மாதம் சேலைக்கு ஒரு கரை நெய்தேன் பாருங்கள், பழைய கை அப்படியே இருந்தது. மாகறலிலும் மண்வெட்டி வேலை நடப்பதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சம்பந்தி வேவு பார்க்க வருவார். என் சோற்றில் நெய் இருக்கிறதா என்று முகர்ந்தே பார்ப்பார். நானும் அவர் பஸ் ஏறுமுன் மடியைத் தடவி முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். எங்களைப் பார்த்து என் பெண் சமையலறையில் சிரிக்கிற சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

கெடு வந்ததும் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் படுத்தோம். தட்டினார், அழுத்தினார், மூச்சை இழுக்கச் சொன்னார். என் விலாவுக்குக் கீழே டாக்டர் விரலில் எதுவும் முட்டவில்லை. சம்பந்திக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி. "கொழுப்புதான். கரையுது. மெட்ராஸ் வேணாம்" என்றார் டாக்டர். ரத்தம்கூட அன்று கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. முதலில் கரைத்தவன் நான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

இன்றைக்கு வயிற்றில் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்தி, ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். எனக்குப் பத்து விரலும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தது.

தட்டு மாற்றுகிற நாளில் ஊரே கூடியிருந்தது. அந்தக் கம்பவுண்டரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். தட்டைக் கையில் எடுத்த சம்பந்தி அதை மறுபடி கீழே வைத்தார். அவர் எல்லோர் முன்னாலும் என் கிட்டே வந்து, விலாவுக்குக் கீழே நாலு விரலை வைத்து அழுத்தினார்.

"மூச்ச இழுங்க சம்பந்தி."

இழுத்தேன்.

"கைக்கு ஒண்ணும் ஆப்புடல" என்று சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "வாங்க, மாத்திக்கலாம்."