நாத்தனாரின் தலைவலி

படகுத்துறையில் அவளைப் புகைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். படகுக்குள் வைத்த இன்ஜின்களின் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. மாமனார் பட்டறை வைத்திருந்தார். இன்ஜின் பெட்டிக்குள் நுழைகிற அளவு ஒல்லியாக அந்த வீட்டில் வாய்த்தது மருமகள் ஒருத்திதான். பதினெட்டு வருடமாயிற்று.

அவளுடைய நாத்தனார் ஒரு பயணிகள் படகில் டிக்கெட் கொடுப்பவள். நாற்பது பேர் அடைந்து உட்காரும் மூடிய அறையில், இன்ஜின் பெட்டியை ஒட்டி அவள் இருக்கை. மூன்று வாரமாகத் தலைவலி, குமட்டல். "கடல் ஒத்துக்கலை" என்றார் படகு முதலாளி. ஒன்பது வருடம் ஒத்துக்கொண்ட கடல்! "வேலைக்கு டிமிக்கி குடுக்கப் பாக்கிறா" என்றான் கூடப்பிறந்த அண்ணன். புகைக்காரியும் தன் பங்குக்கு, "வெறும் வயித்தோட போகாதே" என்று புத்தி சொன்னாள்.

ஒரு காலை சாப்பிடும்போது நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, லீவு நாள்ல மட்டும் வலிக்கிறதே இல்லை. நேத்து படகுல ஒரு கைக்குழந்தை எவ்வளவு தட்டியும் முழிக்கலை. கரையேறிக் காத்துப் பட்டப்புறம்தான் அழுதுச்சு."

புகைக்காரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

துறையில் முதல் நடைக்கு வரிசை நின்றிருந்தது. அவள் யாரையும் கேட்காமல் இன்ஜின் பெட்டியைத் திறந்தாள். கொதிக்கும் புகையோடு கடல்தண்ணீரைக் கலந்து, ஆறவைத்து வெளியே தள்ளும் வளைவுக்குழாய் பளபளவென்று வெள்ளிப் பெயிண்டில் மின்னியது. உப்பு அதை உள்ளிருந்துதான் தின்னும். குழாயை இறுக்கும் கிளாம்பைச் சுற்றி, புகை கசிந்த கரி படிந்திருந்தது.

"பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நான்தான். துரு பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றார் முதலாளி.

"கழட்டிப் பாத்தீங்களா?"

"ஓடுற இன்ஜினை எதுக்கும்மா கழட்டணும்?"

"சீழ் வச்ச புண்ணுக்குப் பவுடர் பூசியிருக்கீங்க" என்று ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். அட்டையில் இறங்குவதுபோல் இறங்கியது.

"ஐயையோ, உடைச்சுட்டியே!"

"உடைச்சேனா? பெயிண்டுதான் இதைத் தாங்கிட்டிருந்துச்சு. பெட்ரோல் புகை இது. இதுல இருக்கிற விஷத்துக்கு வாசனையே கிடையாது, ஆளைத் தூங்கவச்சே முடிச்சிரும்."

"சரி சரி, இன்னைக்கு ஒரு நாள் டேப் சுத்திக் குடு. கூட்டத்தைப் பாரு."

கூட்டத்தைப் பார்த்ததால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். டிக்கெட் கட்டைப் பையில் திணித்து, ஏறும் வழிச் சங்கிலியை மாட்டினாள். "படகு போகாது. எல்லாரும் வேற படகு பாருங்க!"

"அதைச் சொல்ல நீ யாருடி?" என்று முதலாளி பாய்ந்தார்.

"மூணு வாரமா உங்க புகையைக் குடிச்சவ."

அதற்குள் புகைக்காரி குழாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். மறு கையால் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.